வடிவக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போன மடி

வடிவக்கா தன் மடியை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போன அன்று சி பிளாக்கில் தண்ணீர் வருகிற நாள், ஆகவே அதைக் கவனிக்க எங்களில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை, குடம் குடமாகத் தூக்கி, டிரம் டிரம்மாக நிரப்பி, மாடிப்படி முழுக்கச் சிந்தி, சிந்தியதற்குச் சண்டை போட்டு, சண்டைக்கு நடுவில் தோசையும் சுட்டு, ஒருவழியாக மோட்டார் நின்று மூச்சு விட்டபோதுதான் கீழ்வீட்டு மைதீன்பாத்து மாமி படியிலேயே நின்று காதைத் திருப்பி, "ஏ, அந்த நாய்க்குட்டி இன்னைக்கு அழலியே, உசுரோட இருக்கா?" என்றாள்.

அழாமல் அது இருந்ததே இல்லை. வடிவக்காவின் வீட்டுக்காரர் சொரிமுத்து அண்ணாச்சி பாபநாசம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு சாயங்காலம் வண்டி காலியானதும் கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். மேலே சணல் கட்டி, லக்கேஜ் டிக்கெட்டும் எடுத்து, முறையாக ஏற்றிய யாரோ முறையாக மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே செவலை நிறத்தில், நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளையோடு, இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி. கேட்டு யாரும் வரவில்லை. லக்கேஜ் என்றே அதற்குப் பேர் ஆகிவிட்டது.

பேர் வைப்பது சுலபம், பார்த்துக்கொள்வது யார்? அண்ணாச்சி முதல் பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயத் திரும்புவார். வடிவக்கா ஐந்து மாடி ஜவுளிக்கடையில் நைட்டி செக்ஷன். காலையில் கடை வேனில் ஏறினால் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வருவாள். மகள் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, மூக்காலேயே பேசுகிற அந்தக் குரலில், "தாய்ச்சூடு தேடுற வயசு, தனியா விடக்கூடாதும்மா" என்றார். "ரெண்டு பேரும் வேலைக்குப் போறோமே சார்" என்றாள் வடிவக்கா. "அப்ப ஒருத்தர் லீவு போடுங்க" என்றார். நைட்டி செக்ஷனில் நாய்க்குட்டிக்காக லீவு கேட்டால் என்ன ஆகும் என்பது டாக்டருக்குத் தெரியாது.

எல்லாம் செய்து பார்த்தார்கள். சுடுதண்ணிப் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்தார்கள், ரேடியோவைப் போட்டுவிட்டுப் போனார்கள், மூலையில் பேப்பர் விரித்தார்கள், கடிக்கக் கயிறு முடிந்து கொடுத்தார்கள். லக்கேஜ் கயிற்றைத் தவிர எல்லாவற்றையும் கடித்தது, பேப்பரைத் தவிர எல்லா இடத்திலும் ஒண்ணுக்குப் போனது, மீதி நேரம் முழுக்க அழுதது. எங்களுக்கு எல்லாம் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் மைதீன்பாத்து மாமி கடைகளுக்குச் சமோசா போட்டுக் கொடுக்கிறவள், அவள் அடுப்படியில் குட்டியை விட்டால் குட்டியும் சமோசா ஆகிவிடும். மேல்வீட்டு ஞானபாக்கியம் சிஸ்டர் ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்த்து வந்து பகலில் தூங்க வேண்டியவள். பிளாக் செயலாளர் ஆழ்வாரப்பன் பெரியப்பாவோ மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர், அவரைக் கடிக்காத நாய் பாளையங்கோட்டையில் கிடையாது. "இது முருகன்குறிச்சி, இது சமாதானபுரம்" என்று வேட்டியைத் தூக்கித் தெருவாரியாகத் தழும்பு காட்டுவார்.

பெரியப்பா குரல் எனக்கு நன்றாக வரும். அந்தக் குரலில் நான் ஒரு மத்தியானம் "மோட்டார் போட்டாச்சு!" என்று சொன்னதில் மூன்று மாடியும் குடத்தோடு இறங்கி வந்திருக்கிறது. அதே குரலில்தான், ஆனால் நிஜமாக அவரே, "நாயா நானான்னு பிளாக் முடிவு பண்ணட்டும்" என்றார். பிளாக் உடனே முடிவு பண்ணிவிடும் போலிருப்பதைப் பார்த்து, "ஒரு வாரம் டைம் தாரேன்" என்றும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். நானும் என்னால் ஆனதைச் செய்தேன். ஜன்னல் வழியாக வடிவக்கா குரலில், "லக்கேஜூ, எஞ்செல்லம், எங்கடா இருக்கே" என்றேன். அழுகை நின்றது. குட்டி ஜன்னலைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, கட்டிலுக்கு அடியில் போய்ப் பார்த்தது, எங்கேயும் அவள் இல்லை என்று ஆனதும் இரண்டு மடங்கு சத்தத்தில் மறுபடி ஆரம்பித்தது. அதோடு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த ஒரு வாரம் முடிகிற காலையில் வடிவக்கா குளித்து, நீல யூனிஃபார்ம் சேலை கட்டி, கொண்டை போட்டு, வேன் வரக் கொஞ்சம் நேரம் இருக்கிறதே என்று ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே லக்கேஜ் ஏறிப் படுத்து, மூக்கைக் கொசுவத்துக்குள் விட்டுத் தூங்கிப்போனது. வேன் வந்தது, ஹாரன் அடித்தது. எழுந்தால் குட்டி முழிக்கும், முழித்தால் அழும், அழுதால் இன்றோடு அதற்கு இந்த வீடு இல்லை. எழாவிட்டால் வேலை இல்லை. ஆகவே வடிவக்கா எழுந்தாள். முதுகு முதலில், அப்புறம் இடுப்பு, அப்புறம் முழங்கால் என்று, ஈரக் கோலத்தைத் தாண்டுகிறவளைப் போல, போக மனசே இல்லாமல், அவ்வளவு மெதுவாக எழுந்தாள். அவள் எழுந்ததை அவள் மடியே கவனிக்கவில்லை. அது நாற்காலியில் இருந்துவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள். சேலை இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி நேராக இறங்கியது. நாற்காலியில் மடி, மடியில் குட்டி. 'சரி, கடையில என்னத்துக்கு மடி' என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வேனுக்கு ஓடினாள்.

அது உண்மைதான். அந்தக் கடையில் வேலை செய்கிற பெண்கள் உட்காரக் கூடாது. கூட்டம் இருந்தாலும் நிற்க வேண்டும், கூட்டம் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும், சுவரில் சாய்ந்தால் கேமராவில் தெரியும், குனிந்து செருப்பைச் சரிசெய்தால்கூட ஃப்ளோர் மேனேஜர் மூன்று மாடி தாண்டி வந்து, "என்ன, பாய் விரிக்கட்டுமா?" என்பார். பத்து வருஷமாகப் பகலில் அவளுக்கு அவ்வளவாகத் தேவைப்படாத ஒரு பொருளை அவள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

அழுகை கேட்காத அன்று மைதீன்பாத்து மாமி தன்னிடம் இருந்த சாவியால் திறந்தாள், நாங்கள் எல்லாம் அவள் தோளுக்குப் பின்னால். பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்காலிக்கு மேல் காற்றில் ஒரு பள்ளம், கொஞ்சம் நீலம் ஒட்டியிருந்தது, தொட்டால் சூடு. குட்டி மூச்சு விடும்போது அதுவும் லேசாக ஏறி இறங்கியது. "மடிய விட்டுட்டுல்லா போயிருக்கா, மறதிக்காரி" என்று சொல்லிவிட்டு மாமி எண்ணெய் காய்கிறதே என்று ஓடிப்போனாள்.

அப்புறம் பிளாக் அதைப் பற்றிப் பேசியது, லிஃப்ட் வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுகிற மாதிரியே, எல்லாரும் ஒரே சமயத்தில். "பூட்டின வீட்டுக்குள்ள மடி தனியா கெடக்கலாமா? எவனாவது தூக்கிட்டுப் போனா சங்கம் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்" என்றார் பெரியப்பா. "கரண்டு இல்லாம ஓடுது, சத்தம் இல்ல, நான் தூங்கணும், ஆள விடுங்க" என்றாள் சிஸ்டர். மடி இல்லாமல் வடிவக்கா வேனில் எப்படிப் போகிறாள் என்று கேட்டதற்கு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றாள். எப்படிச் சாப்பிடுகிறாள் என்றதற்கு, ஜன்னல் திட்டில் டிபன் பாக்ஸை வைத்துக்கொள்கிறேன் என்றாள். நீங்கள் இப்போது கேட்க நினைப்பதை நானும் கேட்டேன். வடிவக்கா செருப்பைக் கழற்றினாள்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து குட்டியை வெளியே கூட்டிப்போவார். வடிவக்கா வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அந்த நாற்காலியில் போய்ச் சாய்வாள், மடி அவளோடு சேர்ந்துகொள்ளும், பகலில் மடிக்கு நடந்தது எல்லாம் அப்போது அவளுக்குத் தெரியும். "ஐய, ரெண்டு தடவை ஒண்ணுக்குப் போயிருக்கான்" என்பாள். "முட்டை போட்டுக் கஞ்சி குடுத்தியளா மாமி? சிந்தியிருக்கே" என்பாள்.

நாட்கள் போகப் போக வேறு செய்திகளும் வந்தன. மாமியின் பேத்திக்குக் காய்ச்சல் வந்து, அடுப்பை விட முடியாத மாமி அவளை அந்த மடியில் கிடத்திவிட்டுப் போனாள்; லக்கேஜ் நகர்ந்து இடம் கொடுத்தது. சிஸ்டர் ஒருநாள் டூட்டியில் யாரையோ காப்பாற்ற முடியாமல் வந்தவள் நேராகத் தன் வீட்டுக்குப் போகாமல் சாவி வாங்கிக்கொண்டு போய் அதில் தலை வைத்துவிட்டுப் போனாள். அன்று நாற்காலியில் சாய்ந்த வடிவக்கா மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மேல போய் சிஸ்டருக்கு ஒரு காப்பி குடுத்துட்டு வாங்க" என்று அண்ணாச்சியை அனுப்பினாள். பரீட்சை முடிந்த பிள்ளைகள் வந்தார்கள், மாமியாரிடம் திட்டு வாங்கிய மருமகள் வந்தாள், அவள் போனதும் மாமியாரும் வந்தாள். ஒரு மத்தியானம் சங்கத்தின் சார்பாகப் பரிசோதனை செய்யப் போன பெரியப்பா திரும்பி வராததால் நாங்கள் போய்ப் பார்த்தோம். தரையில் உட்கார்ந்து, தலையை மடியில் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், அவர் சமாதானபுரம் தழும்பின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு லக்கேஜும் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால், "சூடு எத்தனை டிகிரின்னு பாத்தேன்" என்றார். தினமும் பார்த்தார்.

இப்படியாக லக்கேஜ் அழாமல் வளர்ந்தது, பேப்பரில் போகப் பழகியது, இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டது. வடிவக்காவின் கால்தான் போய்க்கொண்டிருந்தது. முன்பாவது வேனிலும் சாப்பாட்டிலும் கொஞ்சம் உட்கார்ந்தவள், இப்போது வீட்டை விட்டதிலிருந்து வீடு திரும்புகிறவரைக்கும் நின்றாள். கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைக் கொடி மாதிரி சுற்றிக்கொண்டு ஏறின. கணுக்கால் வீங்கியது. அவள் சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட, கடைக்கு ஸ்டூல்கள் வந்தன. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கவுண்டருக்கு இரண்டாக வைத்தார்கள். பெண்கள் முதலில் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள், அப்புறம் ஒருத்தி உட்கார்ந்தாள், அப்புறம் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லாரும். வடிவக்கா உட்கார்ந்தாள், சரிந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி சரிந்தாள். மடி இல்லாத உடம்பு மடங்காது. சுவரில் சாய்த்த ஏணி வழுக்குகிற மாதிரி அவள் நின்ற வாக்கில் ஸ்டூலிலிருந்து வழுக்கி நைட்டிகளுக்கு நடுவில் விழுந்தாள். ஃப்ளோர் மேனேஜர் வந்து, "சட்டம் போட்டாலும் சிலருக்கு உட்கார யோகம் வேணும்" என்றார். கூட வேலை செய்கிற எப்சிபா என்ற பெண் எங்களிடம் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூட்டம் கூட்டினோம். ஆழ்வாரப்பன் பெரியப்பா தொண்டையைச் செருமி, "மடிங்கிறது இப்ப ஒரு பொதுச்சேவை மாதிரி ஆகிப்போச்சு, திடீர்னு நிறுத்தினா எல்லாருக்கும் செரமம்" என்றார்.

"ஒமக்குச் செரமம்னு சொல்லும்வே" என்றாள் மாமி.

"எனக்கு நின்னு பழக்கந்தான் பெரியப்பா, அது கெடக்கட்டும்" என்றாள் வடிவக்கா. "லக்கேஜு சின்னப் புள்ள. நான் மடியக் கொண்டுபோனா அவன் திரும்ப அழுவான்."

ஞானபாக்கியம் சிஸ்டர் எழுந்து வந்து, வடிவக்காவின் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். "எல்லாரும் வந்து பாருங்க. ஒவ்வொருத்தரா வாங்க. வெட்கப்படாம பாருங்க."

பார்த்தோம். கொடிகளுக்கு நடுவில் தோல் கறுத்து, கறுப்புக்கு நடுவில் ஒரு புண் வாய் திறந்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் இவ நின்னான்னா என் வார்டுக்குத்தான் வருவா. நாளையிலருந்து மடியோட போகணும், ஸ்டூல்ல உக்காரணும். நாய்க்கு வேற எடம் பாருங்க."

பெரியப்பா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பாசமுத்திரத்தில் ஒருவர் தோப்புக் காவலுக்கு நாய் கேட்கிறார் என்று அண்ணாச்சியின் பஸ் டிரைவர் அருளப்பன் சொல்லியிருந்தது எல்லாருக்கும் தெரியும். அங்கே குட்டியை யார் மடியில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதும் தெரியும்.

அப்போது சொரிமுத்து அண்ணாச்சி, அதுவரை தண்ணீர்த் தொட்டி ஓரமாக லக்கேஜைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "நானும் பஸ்ஸில நிக்கத்தானே செய்யுதேன்?" என்றார்.

"நின்னா?"

"எம் மடியும் பகல்ல சும்மாத்தானே இருக்கு."

முதலில் சிரித்தது மாமிதான். அப்புறம் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். வடிவக்காவின் மடி தனியாக நாற்காலியில் இருந்தபோது சிரிக்காத பிளாக், அண்ணாச்சிக்கு மடி உண்டு என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஆம்பளைக்கு ஏது மடி?" என்றாள் மாமி. "நாம உக்காந்தா தொடை இருக்கும், முட்டு இருக்கும், அதோட சரி" என்று பெரியப்பா அடித்துச் சொன்னார். ஆனால் சிரிப்பு அடங்கினதும் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வீட்டு ஆம்பளைகளை யோசிக்க ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. நானும் யோசித்தேன். அப்பாவின் தோள் ஞாபகம் இருக்கிறது, சைக்கிள் பார் ஞாபகம் இருக்கிறது. மடியை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இல்லாமலா இருந்திருக்கும்?

"உண்டா இல்லையான்னு உக்காந்து பாத்தாத்தானே தெரியும்" என்றாள் வடிவக்கா. "நாளைக்கு ஒரு நாள், கடைக்கு லீவு சொல்லிட்டு காலைக் கட்டிட்டு இருக்கேன். அதுக்குள்ள இவுக பழகட்டும். முடியலன்னா அடுத்த நாள் முத பஸ்ஸிலயே அனுப்பிருவோம்." அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மடி இருந்தது. மறுநாள் அண்ணாச்சி உட்கார்ந்ததும் குட்டியை வைத்துப் பார்த்தோம், விழவில்லை. ஆனால் இருபது வருஷம் பஸ்ஸில் நின்றவர், நாற்காலியில் உட்கார்ந்தாலும் பாபநாசம் ரோட்டில் போகிற மாதிரியே குலுங்கினார். லக்கேஜ் இரண்டு தரம் சுற்றிப் படுக்கும், அண்ணாச்சி முக்கூடல் வளைவில் திரும்புவார், லக்கேஜ் தரையில் கிடக்கும். "அசையாதீங்கய்யா!" என்று பிளாக்கே கத்தியது. அசையாமல் இருக்கப் பழகினதும், எழுவதில் வந்தது வினை. நான் வாயால் விசில் அடிப்பேன். விசில் கேட்டதும் அவர் ஸ்பிரிங் மாதிரி எழுவார். மடியும் கூடவே வந்துவிடும். மெதுவாக எழுந்து பார்த்தார், வந்துவிட்டது. மிக மெதுவாக எழுந்து பார்த்தார், வந்துவிட்டது. காலை நேரத்தில் தொடங்கியவர் சாயங்காலம் வரை, பஸ்ஸுக்கு ஆள் போட்டுவிட்டு, எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க மெதுவா எந்திரிக்கீங்க, ஆனா மனசு முன்னாலயே பஸ்ஸில ஏறிருதுங்க" என்றாள் வடிவக்கா, கட்டுப் போட்ட காலைக் கட்டிலில் நீட்டிக்கொண்டு. "போக மனசில்லாம எந்திரிக்கணும்."

"எனக்கு அது தெரியாதேட்டி" என்றார் அண்ணாச்சி. "செல்வரதி பொறந்தப்ப முத பஸ், கடைசி பஸ். தூங்குத புள்ளையப் பாத்துட்டுப் போவேன், தூங்குத புள்ளையப் பாக்க வருவேன். உக்காந்தாத்தானே எந்திரிக்கத் தெரியும்?"

செல்வரதி அவர்கள் மகள். அன்று எல்லாரும் கலைந்து போனபோது மாமி போகிற வழியில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

விடிந்தது. லக்கேஜுக்கு என்று கொஞ்சம் கஞ்சி, ஒரு பழைய துண்டு, ஊசி போட்ட சீட்டு எல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. அண்ணாச்சி காக்கி பேன்ட் போட்டு, பையை மாட்டி, கடைசியாக ஒரு தடவை என்று நாற்காலியில் உட்கார்ந்து குட்டியை மடியில் எடுத்து வைத்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே குலுங்காமல் இருந்தார். குட்டி பேன்ட்டின் மடிப்பை முகர்ந்தது, ஒரு காலால் கொஞ்சம் பிறாண்டியது, தலையை அவர் வயிற்றில் முட்டுக்கொடுத்துத் தூங்கிப்போனது. அதன் காது ஒன்று திரும்பிக் கிடந்தது. அவர் அதை ஒரு விரலால் சரிசெய்தார். தெருமுனையில் அருளப்பன் ஹாரன் அடித்தார். அண்ணாச்சி அசையவில்லை. இன்னொரு ஹாரன். "யோவ் முத்து! டயமாச்சு, பெட்டியத் தூக்கிட்டு வாரும்!" என்று தெருவே எழும்புகிற மாதிரி அருளப்பன் கத்தினார். பால் வாங்கப் போன நாங்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே பால் பாக்கெட்டோடு நின்றுவிட்டோம். அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், எழுந்தால் அதைத் தூக்கி இதற்குள் வைக்க வேண்டும் என்பதைப் பார்த்தார். முதுகு எழுந்தது, இடுப்பு எழுந்தது, முழங்கால் எழுந்தது. பத்து வருஷமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுகிற மாதிரி, உலகத்தில் போவதற்கு ஒரு ஊரும் இல்லாதவர் எழுகிற மாதிரி எழுந்து நின்று, கையை நீட்டி, குனிந்து பார்த்தார்.

குட்டி காற்றில் படுத்திருந்தது. அதன் கீழே காக்கி நிறத்தில், ஒரு பக்கம் கொஞ்சம் மேடாக, சில்லறையும் டீசலும் மணக்கிற ஒரு மடி.

"வடிவு" என்றார். "ஏ வடிவு, இங்க வந்து பாரேன்."

அவர் வெறுங்கையோடு பஸ்ஸுக்கு ஓடினார். நாங்கள் போகவில்லை, ஏனென்றால் குட்டி இன்னும் முழிக்கவில்லை, முழித்தால்தான் தெரியும். வெயில் ஜன்னலில் ஏறியபோது அது முழித்தது. மடியை முகர்ந்தது, சந்தேகமாக இன்னொரு தரம் முகர்ந்தது, குதித்து இறங்கி, பேப்பரில் போய் ஒண்ணுக்கு அடித்துவிட்டு, கதவருகில் புறப்பட்டு நின்ற வடிவக்காவிடம் வந்து அவள் சேலையைப் பார்த்தது. வேன் ஹாரன் அடித்தது. வடிவக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஜன்னலில் பெரியப்பா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்குக் கை மரத்துப்போயிற்று. லக்கேஜ் கொட்டாவி விட்டது. திரும்பி நடந்தது. நாற்காலியில் ஏறப் பார்த்து விழுந்தது, மறுபடி ஏறப் பார்த்து விழுந்தது, அப்புறம் ஏறிவிட்டது. காக்கி மடியில் இரண்டு தரம் சுற்றி, மேடான பக்கத்தில் தலையை வைத்து, எங்கள் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

அன்றைக்குப் பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டர் எங்கேயும் உட்காரவில்லை, டீயையும் நின்றுகொண்டே குடித்தார், மிச்சச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்தார் என்று சொல்கிறார்கள். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. மாமி குட்டிக்கு மத்தியானக் கஞ்சியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள், சிஸ்டர் தூக்கத்தை விட்டாள், சி பிளாக் மொத்தமாகப் புறப்பட்டு நைட்டி எடுக்க ஜவுளிக்கடைக்குப் போனது. ஆழ்வாரப்பன் பெரியப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, ஒரு நைட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலாக எட்டிப் பார்த்தார். "துணி கெட்டியா இருக்கா?" என்று யாரோ கேட்டதற்கு, "ஷ்ஷ்" என்றார்.

கூட்டம் குறைந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். எப்சிபா ஒரு ஸ்டூலைக் காலால் வடிவக்கா பக்கம் தள்ளினாள். வடிவக்கா முதலில் அதை ஒரு கையால் அழுத்திப் பார்த்தாள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள், அப்புறம் உட்கார்ந்தாள். வழுக்கவில்லை. மாமி வாயை ஒரு நைட்டியால் பொத்திக்கொண்டாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கவுண்டரில் தன் மடி இருப்பதைப் பார்த்து, அதில் என்ன வைப்பது என்று தெரியாமல், வடிவக்கா தன் இரண்டு கைகளையும் எடுத்து அதில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஃப்ளோர் மேனேஜர் வந்தார். பெண்கள் எல்லாரும் பழக்கத்தில் விருட்டென்று எழுந்தார்கள், எப்சிபாவும் எழுந்தாள், பெரியப்பாகூட எதற்கோ அட்டென்ஷனில் நின்றார். வடிவக்கா எழவில்லை. அவர் அவள் முன்னால் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"வாங்க சார்" என்றாள் வடிவக்கா, உட்கார்ந்தபடியே. "வீட்டுக்கா? என்ன சைஸ் பாக்கட்டும்?"

எழுந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். கவுண்டருக்குக் கீழே, கட்டுப் போட்ட கால் செருப்பை உதறிவிட்டு நீண்டு கிடந்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.